ஊர்க் கூட்டத்தில் படிக்கட்டும்

2024 செப்டம்பரில் தொடங்கிய தேசிய மீன்வள டிஜிட்டல் தளத்தில் பதிந்தால்தான் மத்திய அரசின் புதிய மீன்வளத் திட்டச் சலுகை கிடைக்குமாம். பழவேற்காட்டு மீனவரிடம் ஆதார், குடும்ப அட்டை, கூட்டுறவுச் சங்க எண், நலவாரிய அட்டை எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. அரசு தன்னிடம் உள்ள தகவலையே மீண்டும் கேட்டு அவரை இ-சேவை மையத்துக்கு அலையவிடுவது எரிச்சலூட்டுகிறது.

கோளாறு கணினியில் இல்லை. கருவியையோ செயலியையோ செய்யும் முன் எழுதப்படும் தேவைப் பட்டியலில் இருக்கிறது. ஒக்கி புயலுக்குப் பின், 2019 அக்டோபரில் மீனவருக்கான ‘ஜெமினி’ கருவி வந்தது. புயல் எச்சரிக்கையும் மீன் கிடைக்கும் இடமும் செயற்கைக்கோள் வழியே படகுக்கு வரும். படகிலிருந்து ஒரு சொல்கூடக் கரைக்குப் போகாது. நடுக்கடலில் இன்ஜின் நின்றவருக்கு முதல் தேவை எது? கரைக்குத் தகவல் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களை 1 லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் தொடங்கியது.

மென்பொருள் திட்டங்களை ஆராயும் ஸ்டாண்டிஷ் குழுமத்தின் ஜிம் ஜான்சன் 2002இல் சொன்ன கணக்கை நான் விடாமல் எழுதிவருகிறேன். மென்பொருளில் உருவாக்கப்படும் வசதிகளில் 45 சதவீதத்தை யாரும் தொடுவதே இல்லை. 19 சதவீதம் அபூர்வமாகப் பயன்படுகிறது. எப்போதும் பயன்படுவது வெறும் 7 சதவீதம். ஆக, 64 சதவீத உழைப்பு வீண்! நான்கே மென்பொருட்களைப் பார்த்துச் சொன்ன கணக்கு என்று மறுக்கிறார்கள். அரசு இணையதளத்தில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பியவர் யாரும் அப்படி மறுக்கமாட்டார்.

இதற்கு மாறாக, பழவேற்காட்டின் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் உள்ளிட்ட ஊர்கள் மீன்பிடிக்கத் தலைமுறைகளாக ஏரியைப் பங்கிட்டுவரும் பாடு முறையைப் பாருங்கள். யாருக்கு உரிமை, எந்த இடம், எந்த நாள், என்ன வலை: அவ்வளவுதான் விதி. இடத்தைச் சீட்டுக் குலுக்கல் முடிவுசெய்கிறது. விதியை மாற்ற ஊர் கூடியாக வேண்டும். யாரும் தன் விருப்பத்துக்கு ஒன்றைச் செருகிவிட முடியாது. எழுத்தறியாதவரும் அதை மனப்பாடமாகச் சொல்வார். அந்த உரிமை பட்டினவர் சமூகத்தோடு நின்றுவிடுகிறது, அங்கு மீன்பிடிக்கும் இருளர் பழங்குடியினருக்கு இல்லை என்பார்கள். அது உரிமை பற்றிய வழக்கு. விதியின் எளிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மீனவருக்கான எந்தக் கருவிக்கும் செயலிக்கும் டெண்டர் விடுமுன், தேவைப் பட்டியலை ஒரே பக்கத்தில், தமிழில், ஊர்க் கூட்டத்தில் படிக்க வேண்டும். ஊர் கேட்காத வரியை அங்கேயே அடித்துவிட வேண்டும். இதற்கு ஒப்பாத துறைக்கு ஒரு ரூபாயும் ஒதுக்கக் கூடாது. 2019இல் இதைச் செய்திருந்தால், படகிலிருந்து தகவல் அனுப்பும் வசதிக்கு ஐந்து ஆண்டுகள் காத்திருந்திருக்க வேண்டாம்.