காபிச் சக்கையைக் கொட்டாதீர்கள்!

காலையில் காபி குடிக்காவிட்டால் பலருக்குப் பொழுதே விடிவதில்லை.

பில்டரில் பொடியைப் போடுகிறோம். கொதிக்கும் தண்ணீரை ஊற்றுகிறோம். டிகாஷன் இறங்குகிறது. பாலும் சர்க்கரையும் சேர்த்து, ஆற்றிக் குடிக்கிறோம்.

பிறகு? பில்டரைத் தட்டுகிறோம். சக்கை குப்பைக் கூடையில் விழுகிறது. அதோடு அதை மறந்துவிடுகிறோம்.

அப்படி மறந்துவிடக்கூடிய பொருளா அது? இல்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள் அது. நமக்குப் பயன்பட்டது போக, செடிக்கும் அதில் சாப்பாடு இருக்கிறது.

வீட்டுக் கணக்கு

ஒரு குடும்பத்தில் நாள் ஒன்றுக்கு 50 கிராம் காபிப் பொடி செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு ஒன்றரை கிலோ. ஆண்டுக்கு 18 கிலோ! அதில் பெரும்பகுதி சக்கையாகத் தங்கிவிடுகிறது.

இது காபிக் கணக்கு மட்டும். காய்கறித் தோல், கீரைத் தண்டு, வாழைப்பழத் தோல், முட்டை ஓடு, வாடிய பூ ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். நகரத்து வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ பாதி, மக்கும் குப்பைதான்.

இது எங்கே போகிறது?

சென்னையில் நாள்தோறும் சேரும் குப்பை 5,000 டன்னுக்கும் மேல். பல ஆண்டுகளாக அது வடக்கே கொடுங்கையூருக்கும், தெற்கே பெருங்குடிக்கும் போய்ச் சேர்ந்தது. மலை மலையாகக் குவிந்தது.

காற்றுப் புகாத குவியலுக்குள் ஈரக்குப்பை அழுகினால் மீத்தேன் என்ற வாயு உண்டாகும். அது எளிதில் தீப்பற்றும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பை மேடு தீப்பிடித்தது. பல நாள் புகைந்தது. சுற்றிலும் இருந்த மக்கள் மூச்சுவிடத் திணறினார்கள்.

அந்தக் குப்பை மேடு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். அதே 2022-ல்தான் பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. பறவைகள் தேடி வரும் இடத்தில் நாம் எச்சிலையைக் கொட்டியிருக்கிறோம்!

இன்னொன்றும் உண்டு. ஊசிப்போன சோற்றோடு உடைந்த கண்ணாடியையும், பிளேடையும் ஒரே பையில் கட்டி வைக்கிறோம். அதைப் பிரிப்பவர் யார்? ஒரு தூய்மைப் பணியாளர். அறுபடுவது அவருடைய கை. அவருக்கும் பிள்ளை குட்டிகள் உண்டு என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டாமா?

மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் சொல்லின. விதி வந்தால் போதுமா? மனமும் வரவேண்டும்.

பாட்டிக்குத் தெரிந்த வித்தை

இது புதிய யோசனை அல்ல. கிராமத்து வீட்டுக் கொல்லையில் எருக்குழி இருந்தது. சாணம், சாம்பல், சருகு எல்லாம் அங்கே போகும். அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்குப் போகும், மிச்சம் செடிக்கு. புளித்த மோர் கறிவேப்பிலைக்கு. பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கு.

ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இந்தூரில் 1924 முதல் 1931 வரை ஆராய்ச்சி செய்தார். நம் நாட்டு உழவர்களைத் தம் ஆசிரியர்கள் என்றே அவர் சொன்னார். மட்கு எரு தயாரிக்கும் "இந்தூர் முறை" அங்கேதான் பிறந்தது. வெள்ளைக்காரர் நம்மிடம் பாடம் படித்தார். நாமோ நகரத்துக்குக் குடிவந்ததும் பாடத்தை மறந்துவிட்டோம்.

எப்படிச் செய்வது?

ஒரு பழைய வாளி அல்லது மண்பானை போதும். அடியிலும் பக்கத்திலும் சிறு துளைகள் போடுங்கள். காற்றுப் போகவேண்டும்.

அடியில் காய்ந்த சருகு அல்லது தேங்காய் நார்த்தூள். அதன் மேல் அன்றைய காய்கறித் தோலும் காபிச் சக்கையும். அதை மூடும்படி மறுபடியும் சருகு. ஒரு பங்கு ஈரக்குப்பைக்கு இரண்டு பங்கு சருகு என்பது கணக்கு. ஒரு கை சாணமோ, கொஞ்சம் புளித்த மோரோ தெளித்தால் வேலை விரைவில் நடக்கும்.

மூன்று நாளுக்கு ஒரு முறை கிளறிவிடுங்கள். பிழிந்த துணிபோல ஈரம் இருக்கவேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள். சருகு சேருங்கள், நாற்றம் போய்விடும்.

இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாக, மண் வாசனையோடு எரு கிடைக்கும். ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் இரண்டு கை போடுங்கள்.

இதை மறக்காதீர்கள்

காபிச் சக்கையைப் போட்டால் மறுநாளே பூத்துக் குலுங்கும் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். உலர்ந்த சக்கை 100 கிராமில் தழைச்சத்து சுமார் 2 கிராம்தான். அதுவும் மட்கிய பிறகே செடிக்குக் கிடைக்கும்.

சக்கையைத் தொட்டியில் தடிமனாகப் பரப்பாதீர்கள். காய்ந்து அடைபோல இறுகிவிடும். தண்ணீர் உள்ளே இறங்காது. விதை போட்ட தொட்டியிலும், இளநாற்றுக்கும் வேண்டாம். முளைப்பைக் கெடுக்கும். எருப் பானையிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சக்கை வேண்டாம்.

பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதித்த டீத்தூளைக் கழுவிவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் எறும்பு வரும். முட்டை ஓட்டைப் பொடி செய்து போடுங்கள். அதில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. மீன் முள், எலும்பு, எண்ணெய்ப் பண்டம் வேண்டவே வேண்டாம். எலி வரும்.

யார் செய்வது?

"நல்ல யோசனைதான். ஆனால் இதுவும் என் தலையில்தானே விழும்?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி!

காபி குடிப்பது வீடு முழுவதும். சக்கையைச் சுமப்பது மட்டும் அம்மாவா? சருகு பொறுக்குவது பிள்ளைகள் வேலை. பானையைக் கிளறுவது அப்பா வேலை. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போதும்.

தோட்டம் இல்லாத மாடி வீடா? பால்கனியில் ஒரு துளசித் தொட்டி, ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வைக்க இடம் இருக்கும். எரு மிஞ்சினால் தெருவோரத்து மரத்தின் அடியில் போடுங்கள். அந்த நிழலில் நாலுபேர் நிற்பார்கள்.

ஊரைச் சுத்தம் செய்ய நகராட்சி லாரி வேண்டும். வீட்டைச் சுத்தமாக வைக்க ஒரு பானை போதும். பத்து வீட்டில் பத்துப் பானை இருந்தால், லாரியின் சுமை குறையும். தூய்மைப் பணியாளரின் கை அறுபடாது. குப்பை மலை வளராது.

நாளைக் காலையில் பில்டரைத் தட்டும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். சக்கையைக் கூடையில் போடாதீர்கள். பானையில் போடுங்கள்!