மஸ்க்ரட்: பொறி வைப்பதா, வேண்டாமா?

மஸ்க்ரட் என்றதும் நம்மூர் மூஞ்சூறு என்று நினைத்துவிட வேண்டாம். அது வேறு, இது வேறு. இது வட அமெரிக்காவின் சதுப்பு நிலங்களில் வாழும், ஒரு கிலோ அளவுக்கு எடையுள்ள நீர்வாழ் கொறிப்பிராணி. நெதர்லாந்தில் இதன் வளைகளுக்குப் பக்கத்தில் பொறி வைத்துப் பிடிப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

"ஐயோ பாவம், வாயில்லா ஜீவன், விட்டுவிடுங்கள்" என்பது ஒரு கட்சி. சொல்வது சுலபம். இந்தப் பிராணி தண்ணீருக்கு அடியில் வாசல் வைத்து, கரைக்குள் மேல்நோக்கிக் குடைந்து வீடு கட்டும். மேலே நின்று பார்த்தால் கரை நன்றாகத்தான் தெரியும். உள்ளே பொந்து! அந்த நாட்டில் சுமார் கால் பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. அங்கே கரை உடைந்தால் யார் பதில் சொல்வது?

சரி, இதை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தது யார்? 1905-ல் பிராக் நகரம் அருகே ஒரு பிரபு ஒரு சில மஸ்க்ரட்டுகளைக் கொண்டுவந்து விட்டார். பிறகு ரோமத்துக்காகப் பல நாடுகளில் பண்ணைகள் முளைத்தன. தப்பியவை பெருகின. 1941-ல் நெதர்லாந்துக்கு வந்து சேர்ந்தன. ரோமத்தில் லாபம் பார்த்தது சிலர், கரையைச் செப்பனிடும் செலவு ஊர் மக்களின் வரிப்பணம். லாபம் தனியாருக்கு, நஷ்டம் பொதுவுக்கு. நல்ல வியாபாரம்!

இன்னொரு கட்சி "போட்டுத் தள்ளுங்கள்" என்று கை தட்டுகிறது. அவர்களும் கொஞ்சம் நில்லுங்கள். பொறிக்குக் கண் கிடையாது. 1930-களில் ஸ்காட்லாந்தில் 945 மஸ்க்ரட்டுகளைப் பிடிக்கப் போய் 5,000-க்கும் மேற்பட்ட மற்ற உயிரினங்கள் செத்தன. அதில் பெரும்பகுதி நீர்க்கோழிகளும் நீர் எலிகளும். அதனால்தான் எங்கே, எப்போது என்பது முக்கியம். வளை மஸ்க்ரட்டுடையதுதானா என்று உறுதி செய்த பிறகே பொறி வைக்க வேண்டும். குட்டி போடும் காலத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் தாய் பொறியில், குட்டிகள் வளைக்குள் பட்டினியில்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை அரைகுறை வேலை. கொஞ்சம் கொன்றுவிட்டு நிறுத்தினால், மிச்சம் இருப்பவை குட்டி போட்டு இடத்தை நிரப்பும். அடுத்த வருடம் மறுபடியும் கொலை. பிரிட்டன் 1932-ல் சட்டம் போட்டு இறங்கி, அந்தப் பத்தாண்டுக்குள் முழுவதுமாக ஒழித்தது. அதன் பிறகு அங்கே ஒரு மஸ்க்ரட்டைக்கூடக் கொல்ல வேண்டிய தேவை இல்லை. நெதர்லாந்தோ 2000-களின் தொடக்கத்தில் வருடத்துக்கு 3 லட்சத்துக்கும் மேல் பிடித்துக்கொண்டிருந்தது. எது கருணை, நீங்களே சொல்லுங்கள்?

பிரிட்டன் தீவு, நெதர்லாந்துக்கு நில எல்லை இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் காய்ப்பு என்ற இன்னொரு கொறிப்பிராணியை அதே நாடு எல்லை வரை விரட்டிக் காட்டியிருக்கிறது. மஸ்க்ரட்டுக்கும் இப்போது 2034 என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல்தான் மஸ்க்ரட்டை ஆபத்தான அந்நிய உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. முதல் ஜோடி வந்து 112 வருடம் கழித்து! இனி எந்த நாட்டிலாவது ஒருவர் லாபத்துக்காக அந்நிய விலங்கை இறக்குமதி செய்ய விரும்பினால், அதைத் திரும்பப் பிடிக்கும் செலவை முன்பணமாகக் கட்டச் சொல்லுங்கள். அப்புறம் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்க்கலாம்.