இளைப்பதும் வற்றுவதும்

மூன்று மாதம் இராச்சாப்பாட்டை நிறுத்தி, காலையில் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்து, எட்டுக் கிலோ குறைத்த ஒருவர் கல்யாண வீட்டுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாராட்டை எதிர்பார்த்துப் போனவரை அத்தை நிறுத்திக் கேட்கிறார்: "என்னப்பா, ஒடம்புக்கு ஏதும் சரியில்லையா? இப்படி வத்திப் போயிட்டியே!" அவருக்குச் சுருக்கென்று இருக்கும். எடைக்கருவி கொடுத்த சான்றிதழை அத்தை கிழித்துப் போட்டுவிட்டார். ஆனால் அத்தையின் கண்ணைக் குறை சொல்வதற்கில்லை. தமிழில் இளைப்பது வேறு, வற்றுவது வேறு. எடைக்கருவிக்குத்தான் இரண்டும் ஒன்று.

எடைக் குறைப்பைப் பற்றிய குழப்பங்களில் பாதி, இந்த வேறுபாடு மறந்துபோனதால் வருகிறது. எத்தனை கிலோ போகும் என்பதைப் பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டு முடிவு செய்கிறது. போவதில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்பதில் நாம் தூக்கும் பளுவுக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டும் வேறு வேறு வேலைகள். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கேட்கும்போதுதான் ஏமாற்றம் வருகிறது.

முதலில் தட்டு. கலோரி என்பது உணவுக்குள் ஒளிந்திருக்கும் கெட்ட பொருள் அல்ல. துணிக்கு மீட்டர் போல, ஆற்றலுக்கு அது ஓர் அளவு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியலாளர், ஓர் ஆள் உள்ளேயே உண்டு உறங்கி உழைக்கும்படி ஒரு மூடிய அறையை அமைத்தார். அந்த ஆள் தின்றதையும், அவர் உடல் வெளிவிட்ட வெப்பத்தையும் அளந்தார். வரவும் செலவும் பொருந்தின. பிஸ்கட் உறையின் பின்புறம் இன்றும் அச்சாகும் கணக்கு அவர் வழி வந்ததுதான்: ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, புரதத்தில் 4, கொழுப்பில் 9.

இதைப் புரிந்துகொண்டால் பல சண்டைகள் தீரும். செக்கு நல்லெண்ணெய், ரீஃபைண்டு எண்ணெய், வீட்டில் காய்ச்சிய நெய் ஆகியவற்றுக்கு மணத்திலும் குணத்திலும் வேறுபாடு உண்டு. கலோரியில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாகக் கருப்பட்டியோ நாட்டுச்சர்க்கரையோ போட்டால் காப்பியின் சுவை மாறும். எடைக் கணக்கு அநேகமாக மாறாது.

"நான் ரொம்பக் கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறேன், ஆனாலும் குறையவில்லை" என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அப்படிச் சொன்னவர்களை ஆராய்ந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு 1992இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. அவர்களின் உடல் செலவழித்த ஆற்றலை அறிவியல் முறைப்படி அளந்து பார்த்தபோது, தாங்கள் உண்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்தும், செய்த உடலுழைப்பை 51 விழுக்காடு கூட்டியும் கணக்குச் சொல்லியிருந்தது தெரிந்தது. அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லிவிட முடியாது. கணக்கு யாருக்கும் அப்படித்தான் தவறும். தாளிப்பில் ஊற்றிய எண்ணெய், பொரியலில் தூவிய தேங்காய், பிள்ளை மிச்சம் வைத்த அரைத் தோசை ஆகியவற்றை மனசு எழுதிவைப்பதில்லை.

ஒரே பானையில் வடித்து, ஒரே சட்டியில் குழம்பு வைக்கும் வீட்டில் ஒவ்வொரு கவளத்தையும் நிறுத்துப் பார்ப்பது நடக்கிற காரியமல்ல. அதற்கு ஓர் எளிய மாற்று இருக்கிறது: மாத மளிகைச் சீட்டு. ஒரு லிட்டர் எண்ணெயில் ஏறத்தாழ 8,200 கலோரி. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் ஆறு லிட்டர் தீர்கிறது என்றால், தலைக்கு ஒன்றரை லிட்டர்; நாளொன்றுக்கு 400 கலோரிக்கும் மேல் எண்ணெயிலிருந்தே வருகிறது. ஆறை நான்காகக் குறைத்தால், சோற்றில் கை வைக்காமலே ஒவ்வொருவருக்கும் நாளுக்கு 130 கலோரிக்கு மேல் குறைந்துவிடும். அரிசிக்கும் இதே வழிதான். சோறு வெந்ததும் தண்ணீரை ஏற்றுக்கொண்டு பெருகுவதால் கண் ஏமாறும். வேகாத அரிசி 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி என்ற கணக்கு ஏமாற்றாது.

எவ்வளவு குறைக்கலாம்? உடல் கொழுப்பு ஒரு கிலோ என்பது சுமார் 7,700 கலோரிச் சேமிப்பு. நாளுக்கு 400 முதல் 500 கலோரி பற்றாக்குறை வைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோவை ஒட்டிக் குறையும். உடல் சிறுத்துக்கொண்டே வரும்போது அதன் செலவும் குறையும் என்பதால், போகப் போக வேகம் மட்டுப்படும். அது தோல்வியல்ல, இயல்பு. முதல் வாரமே மூன்று கிலோ குறைத்துக் காட்டும் திட்டங்களில் போவது பெரும்பகுதி தண்ணீர். தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் சர்க்கரையின் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை அடியோடு நிறுத்தினால் அந்தச் சர்க்கரை கரைய, நீரும் கூடவே போகும். மறுபடி சோறு உண்டால் இரண்டும் திரும்பி வரும்.

அதிரடியாகக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் பாடம் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'தி பிக்கஸ்ட் லூசர்' போட்டியில் வேகவேகமாக இளைத்த 14 பேரை ஆறு ஆண்டு கழித்து ஆராய்ந்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலோர் இழந்த எடையில் கணிசமானதைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். சும்மா இருக்கும்போது அவர்கள் உடல் செலவழித்த ஆற்றலோ, அந்த உடலளவுக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. பஞ்சம் வந்துவிட்டது என்று எண்ணிய உடல், கையை இறுக்கிக்கொண்டது.

இனி பளு. பற்றாக்குறை வந்தால் உடல் கொழுப்பை மட்டும் எடுத்துச் செலவழிக்கும் என்று நினைக்கிறோம். உடல் அப்படிப் பார்ப்பதில்லை. உடற்பயிற்சி இல்லாமல் உணவை மட்டும் குறைத்தால், போகும் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கொழுப்பல்லாத பகுதியாக இருப்பது வழக்கம். தசையும் அதில் அடக்கம். பயன்படாத தசையை வைத்துக் காப்பாற்றுவது உடலுக்கு வீண்செலவு. "இது தேவைப்படுகிறது, கை வைக்காதே" என்று உடலுக்குச் சொல்லும் மொழிதான் பளுப்பயிற்சி.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். தசை சேர்ந்தால் தூங்கும்போதும் கலோரி எரிந்துகொண்டே இருக்கும் என்று ஜிம் விளம்பரங்கள் சொல்லும். ஓய்வில் ஒரு கிலோ தசை நாளுக்குச் செலவழிப்பது சுமார் 13 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு நான்கைந்து. பாடுபட்டு இரண்டு கிலோ தசை சேர்த்தாலும் கிடைக்கும் கூடுதல் செலவு ஒரு இட்லிக்குக்கூடக் காணாது. எனவே பளுவை எரிப்பதற்காகத் தூக்க வேண்டாம், காப்பதற்காகத் தூக்குவோம். நடைக்கும் இது பொருந்தும். 70 கிலோ எடையுள்ளவர் அரைமணி நேரம் வேகமாக நடந்தால் 120 முதல் 150 கலோரி செலவாகும். பூங்கா வாசலில் குடிக்கும் சர்க்கரை போட்ட டீயும் ஒரு வடையும் அதை ஈடுகட்டிவிடும். இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் நடை மிக நல்லது. தொப்பையைக் கரைக்கும் முழுப் பொறுப்பையும் அதன் தலையில் கட்டக் கூடாது.

தொப்பைக்கென்று தனிப்பயிற்சியும் இல்லை. டென்னிஸ் வீரர்களின் ஆடும் கையையும் ஆடாத கையையும் ஒப்பிட்ட 1971ஆம் ஆண்டு ஆய்வில், ஆடும் கையின் தசை பெருத்திருந்தது. தோலுக்கடியில் கொழுப்பின் கனத்தில் வேறுபாடு இல்லை. எந்த இடத்துக் கொழுப்பு முதலில் கரையும் என்பது நம் விருப்பத்தில் இல்லை. வியர்த்துக் கொட்டினால் கொழுப்பு உருகுகிறது என்பதும் தவறான நம்பிக்கைதான். கரையும் பத்துக் கிலோ கொழுப்பில் சுமார் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, மிச்சம்தான் நீர்.

பளுப்பயிற்சி என்றதும் இறக்குமதிச் சரக்கு என்று ஒதுங்க வேண்டியதில்லை. தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் நமக்குப் பழகியவை. தென்மாவட்டங்களில் இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் எறிபவனுக்கே பெண் என்ற வழக்கம் இருந்தது. பொங்கல் போட்டிகளில் இன்றும் தூக்குகிறார்கள். பெண்கள் தூக்கும் ஊரும் உண்டு. அந்தக் கல்லை யாரும் முதல்நாளே தோளுக்கு ஏற்றியதில்லை. முழங்கால், இடுப்பு, மார்பு என்று படிப்படியாகத்தான் அது ஏறும். பளுப்பயிற்சியின் சூத்திரமே அதுதான்: இன்று செய்ததைவிடச் சிறிது கூடுதலாக அடுத்த வாரம்.

"வீட்டு வேலையே போதாதா?" என்று கேட்கும் அம்மாக்களுக்கும் பதில் இதில் இருக்கிறது. இருபது வருடமாக அதே குடத்தைத் தூக்குகிறவருக்கு அந்தக் குடம் இன்று பளு அல்ல, பழக்கம். உடலுக்குப் புதிதாக ஒரு சவால் வந்தால்தான் தசை விழிக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம் போதும். உட்கார்ந்து எழுவது, தள்ளுவது, இழுப்பது, தரையிலிருந்து தூக்குவது என்று நான்கு வகை. தரையில் தண்டால் வராதவர்கள் சுவரில் கை ஊன்றித் தொடங்கலாம். ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரண்டு மூன்று சுற்று. இன்னும் இரண்டு முறை முடியும் என்று தோன்றும்போது நிறுத்திவிடலாம். பன்னிரண்டு எளிதாகிவிட்டால் டம்பெல்லையோ, பையில் போட்ட அரிசியையோ கொஞ்சம் கனமாக்க வேண்டும். இதை ஒரு நோட்டில் எழுதிவைப்பது முக்கியம்.

காக்க வேண்டிய தசைக்குப் புரதமும் வேண்டும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 40 இளைஞர்களின் உணவை நான்கு வாரம் கடுமையாகக் குறைத்து, கடும் பயிற்சியும் கொடுத்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் உண்டவர்கள் 3.5 கிலோ கொழுப்பு இழந்தார்கள். தசையில் பெரிய மாற்றமில்லை. 2.4 கிராம் உண்டவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்ததோடு, கொழுப்பல்லாத எடை 1.2 கிலோ கூடவும் செய்தது. எல்லோருக்கும் அவ்வளவு தேவையில்லை. எடை குறைக்கும்போது கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் நல்ல இலக்கு. 70 கிலோ எடையுள்ளவருக்கு 84 முதல் 112 கிராம். நம் சாப்பாட்டில் இடறுவது இங்கேதான். ஓர் இட்லியில் புரதம் இரண்டு கிராம் அளவே. ரசமும் மோரும் வயிற்றை நிரப்பும், தசையை நிரப்பாது. முட்டைக்கு ஆறு கிராம். மீனிலும் எலும்பில்லாக் கோழியிலும் 100 கிராமுக்கு இருபதையொட்டி. சைவர்களுக்குச் சுண்டல், பருப்பு தூக்கலான அடை, பன்னீர், தயிர் இருக்கின்றன. மீல்மேக்கரில் காய்ந்த நிலையில் 100 கிராமுக்கு ஐம்பதுக்கும் மேல். வேர்க்கடலையில் புரதம் உண்டுதான். 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் கூடவே வரும் என்பதால் கை அளவோடு நிற்க வேண்டும்.

இதெல்லாம் பருமனானவர்களுக்குத்தானே என்று ஒல்லியானவர்கள் விலகிவிட முடியாது. 2004இல் 'லான்செட்' இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள்: புனேயின் யாஜ்னிக், லண்டனின் யட்கின். இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றே, 22.3. உடல் கொழுப்போ ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, இந்தியருக்கு 21.2. கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளும் உடல்வாகு நம்மிடையே பரவலானது. சர்க்கரை நோய்க்கு அது வாசல் திறந்துவிடுகிறது. இப்படிப்பட்டவர் இன்னும் பட்டினி கிடந்தால் வற்றத்தான் செய்வார். அவருக்குத் தேவை குறைந்த சோறு என்பதைவிடக் கூடுதல் தசை.

முதியவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். 1990இல் வெளிவந்த ஆய்வொன்றில், முதியோர் இல்லத்தில் தளர்ந்திருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்குப் பளுப்பயிற்சி தந்தார்கள். முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. பெண்கள் பளு தூக்கினால் ஆண்போல் ஆகிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கும் ஆதாரமில்லை. தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் அவர்களிடம் மிகக் குறைவு.

2025இல் இந்தியச் சந்தைக்கு வந்த எடைக் குறைப்பு ஊசிகளும் இந்தப் பாடத்தைத் தாண்டவில்லை. அவை பசியை அடக்கித் தட்டின் வேலையை எளிதாக்குகின்றன. பளுவின் வேலையை அவை செய்வதில்லை. அவற்றில் ஒன்றான செமாகுளூடைடின் சோதனையில் உடலமைப்பை ஸ்கேன் செய்து பார்த்தவர்களிடம், போன எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கொழுப்பல்லாத பகுதிதான்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைக் குறைத்தால் சர்க்கரை அளவு திடீரென இறங்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைத் தாமாகக் கூட்டக் கூடாது. இரத்த அழுத்தம், இதய நோய், கர்ப்பம் என்றால் மருத்துவரிடம் பேசிய பிறகே எதுவும்.

அளவுகோலையும் மாற்றிக்கொள்வோம். எடையைத் தினம் பார்த்துப் பதறாமல் வாரச் சராசரியைப் பார்ப்போம். கூடவே தையல்காரர் டேப்பால் இடுப்பை அளப்போம். இந்தியர்களில் ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80ம் எல்லை. மூன்றாவதாக, பயிற்சி நோட்டு. இடுப்பளவு இறங்கி, நோட்டில் உள்ள பளு ஏறிக்கொண்டிருந்தால், எடை இரண்டு வாரம் அசையாமல் நின்றாலும் காரியம் நடக்கிறது என்று பொருள். எடை மளமளவென இறங்கி, போன மாதம் தூக்கியதை இந்த மாதம் தூக்க முடியவில்லை என்றால், அத்தை எதைப் பார்த்துக் கேட்டார் என்பது அந்த நோட்டிலேயே எழுதியிருக்கும்.