நூலாய் இறங்கிய தண்ணீர்



கோடை முகாமின் இரண்டாம் நாள் காலை, நாங்கள் வாடகைக்கு எடுத்த ஹித்தே வீட்டில் குழாய்த் தண்ணீர் நூலாய் இறங்கியது. முப்பது பேருக்குச் சமையல். கைக்குழந்தை ஒன்றும் இருந்தது. "கிணறு வத்திட்டுது, வீட்டுக்குப் போவம்" என்றார்கள் அங்கிள்மார்.

ஒஸ்லோவில் மாரிடால்ஸ்வன்னெ ஏரித் தண்ணீரைக் குடித்து வளரும் நமக்கு இது பழக்கமில்லை. அங்கே பாறையைத் துளைத்த குழாய்க் கிணறு. அடியில் பம்பு, வீட்டுக்குள் அமுக்கத் தொட்டி, அதன் பிறகு வடிகட்டி. நோயாளியின் பிரஷரைப் பார்ப்பதுபோலத் தொட்டியின் அமுக்கமானியைத்தான் முதலில் பார்த்தோம். முள் 3 பாரில் நின்றது. அப்படியானால் கிணறும் பம்பும் சுகம். அடைப்பு அதற்குப் பிறகுதான். வால்வைப் பூட்டி, குழாயைத் திறந்து அமுக்கத்தை இறக்கி, வடிகட்டியைக் கழற்றினோம். உள்ளே இரும்புச் சேறு, களிமண்போல! அலுமாரியில் இருந்த புதியதைப் போட்டதும் தண்ணீர் பாய்ந்தது.

முள்ளே இறங்கியிருந்தால் கதை வேறு. கிணறு வற்றியிருக்கலாம், உடனே பம்பை நிறுத்தாவிட்டால் அது எரிந்துபோகும். பம்பு நொடிக்கு நொடி ஓடி நின்றால் தொட்டியில் காற்றுக் குறைவு. மின்சாரப் பெட்டியை மட்டும் தொடாதீர்கள். அது எலக்ட்ரீஷியன் வேலை.

கலங்கல் தெளியும்வரை தண்ணீரை ஓடவிட்டோம். குழந்தையின் பாலுக்குக் கொதிக்க வைத்தோம். "நோர்வேத் தண்ணீருக்கு என்ன?" என்றார் ஒருவர். 2019இல் பேர்கனுக்கு அருகே அஸ்கோயில் குடிநீரில் கிருமி கலந்து ஏராளமானோர் நோயுற்றதைச் சொன்னோம்.

அடுத்த முகாமின் சாமான் பட்டியலில் அரிசி, பருப்புக்குக் கீழே வடிகட்டி 2 என்று எழுதியாயிற்று.