அவளுக்கு உரிய உண்மை

அமெரிக்காவின் நாட்டி டாக் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ என்ற வீடியோ கேம் ஒரு பொய்யோடு முடிகிறது. 2023-இல் அது தொலைக்காட்சித் தொடராக வந்தபின், அந்தப் பொய் நியாயமா என்ற விவாதம் விளையாட்டுக் கருவியைத் தொட்டறியாதவர்களின் வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. கேளிக்கைதானே என்று ஒதுக்கிவிடத் தக்க கேள்வி அல்ல இது.

கதையின் சாரம் இது. மூளையைப் பற்றும் பூஞ்சைத் தொற்றால் நாகரிகமே குலைந்துவிட்ட உலகில், 14 வயது எல்லியை மட்டும் அத்தொற்று வீழ்த்துவதில்லை. பெற்ற மகளைப் பறிகொடுத்த ஜோயல் அவளை பாஸ்டனிலிருந்து சால்ட் லேக் சிட்டி மருத்துவமனை வரை கொண்டு சேர்க்கிறார். மருந்து கண்டுபிடிக்க அவளது மூளையை அறுக்க வேண்டும், அவள் பிழைக்க மாட்டாள் என்று அங்குதான் தெரிகிறது. ஜோயல் தடுத்தவர்களைக் கொன்று, மயக்கத்திலிருக்கும் சிறுமியைத் தூக்கிவருகிறார். கண்விழித்தவளிடம், உன்னைப் போல் பலர் இருக்கிறார்கள், மருந்து தேடும் முயற்சியையே மருத்துவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்கிறார். பின்னர் ஒருநாள், சொன்னது உண்மைதானா, சத்தியம் செய் என்று அவள் கேட்கிறாள். அவர் செய்கிறார்.

இங்கே இரண்டு செயல்கள் உள்ளன. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பதால்தான் விவாதம் முடிவின்றி நீள்கிறது. சிறுமியை மீட்டது முதல் செயல். அவளது சம்மதத்தை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலே உயிரைப் பறிக்கவிருந்தார்கள். அதைத் தடுத்தது சரியென்று வாதிட இடமுண்டு. அதற்காகச் சிந்திய இரத்தத்தை ஏற்க முடியாது என்று வாதிடவும் இடமுண்டு. நேர்மையானவர்கள் இதில் மாறுபடலாம். பொய் இரண்டாவது செயல். அதில் மாறுபட இடமில்லை என்பதே நம் கருத்து.

சிறுமியால் அந்த உண்மையைத் தாங்க முடியாது என்பது ஜோயலுக்காக வைக்கப்படும் முதன்மையான வாதம். தன் பொருட்டுப் பலர் மாண்டார்கள், உலகுக்குக் கிடைத்திருக்கக்கூடிய மருந்து கிடைக்காமல் போனது என்பதெல்லாம் 14 வயதுக்குப் பெருஞ்சுமைதான். தக்க காலம் வரும்வரை சொல்லாமல் வைத்திருந்தால் எவரும் பழிக்கப் போவதில்லை. ஆனால், தள்ளிவைக்கப்பட்ட உண்மை என்றேனும் சொல்லப்படும். பொய் அந்த நாள் வராமலே பார்த்துக்கொள்ளும். உரியவளே நேருக்கு நேர் நின்று கேட்ட பிறகு மௌனத்துக்கான உரிமையும் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் செய்த சத்தியம் அவளைக் காக்கவில்லை, இன்னொரு மகளையும் இழக்க அஞ்சிய அந்த மனிதரையே காத்தது.

குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே விலக்கு அளித்திருப்பதைச் சிலர் சுட்டிக்காட்டுவர். அந்த விலக்கு கடும் நிபந்தனைக்கு உட்பட்டது. யாருக்காகப் பொய் சொல்லப்பட்டதோ அவருக்கே அது தீங்காக முடிந்தால் விலக்கு செல்லாது. 2020-இல் வெளிவந்த விளையாட்டின் இரண்டாம் பாகம் இந்தக் கணக்கைத் தயவின்றி முடிக்கிறது. எல்லி தானே அந்த மருத்துவமனைக்குத் திரும்பிச் சென்று உண்மையை அறிகிறாள். இருவருக்கும் இடையிலான உறவு முறிகிறது. மன்னிக்க முயல்கிறேன் என்று அவள் சொல்லும் இரவுக்கு மறுநாள், மருத்துவமனையில் கொல்லப்பட்ட மருத்துவரின் மகள் ஆபியின் கையால் ஜோயல் மடிகிறார். அந்தப் பழிவாங்கல் கொலையின் விளைவு. பேசித் தீர்த்திருக்க வேண்டிய ஆண்டுகள் வீணானது பொய்யின் விளைவு.

கதை சொன்னவர்களையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். முதல் பாகம் தன் ரசிகரிடம் எதையும் ஒளிக்கவில்லை. மருத்துவரைக் கொல்லாமல் விளையாட்டு நகராது. குற்றத்தில் நம் கையும் படுகிறது. இறுதிக் காட்சியில் எல்லியாக நடக்கும் பொறுப்பு நம்மிடம் தரப்படுகிறது. நமக்குத் தெரிந்த உண்மை அவளுக்குத் தெரியாது. பாத்திரத்தை ஏமாற்றி, ரசிகரை விழிக்கச் செய்யும் இந்த உத்தி நேர்மையான கலை.

இரண்டாம் பாகத்தின் விளம்பரத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. 2019-இல் வந்த முன்னோட்டத்தில், விளையாட்டில் ஜெஸ்ஸி என்ற வேறொரு பாத்திரம் வரும் காட்சியில் ஜோயல் காட்டப்பட்டார். ரசிகரின் வியப்பைக் காக்கவே அப்படிச் செய்ததாக விளக்கம் வந்தது. விளையாட்டு வெளியான முதல் 3 நாட்களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. கதையைச் சொல்லாதிருப்பது படைப்பாளியின் உரிமை. இல்லாத காட்சியை இருப்பதாகக் காட்டி விற்பது அந்த உரிமைக்குள் அடங்காது.

ஜோயலைப் போலவே, நோயின் பெயரை நோயாளியிடம் சொல்ல வேண்டாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அன்புதான் அப்படிக் கேட்க வைக்கிறது. ஆயினும் எஞ்சிய நாட்களை எப்படிக் கழிப்பது என்று முடிவெடுக்கும் உரிமை அந்த நோயாளியிடமிருந்து பறிபோகிறது. எப்போது, எவ்வளவு மென்மையாகச் சொல்வது என்பதை அன்பு தீர்மானிக்கலாம். சொல்வதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. கேட்டவருக்கு அவரது வாழ்க்கையைப் பற்றிய உண்மை கிடைத்தாக வேண்டும். மறுப்பவர் எவ்வளவு நேசித்தாலும் குற்றவாளியே.