இரண்டு காவலரும் ஒரு பிரதியும்

திண்டிவனத்தில் தட்டச்சு செய்த ஆய்வேட்டைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு விழுப்புரத்துக்கு வந்தார் மாணவர் ஒருவர். நம் கணினியில் இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் இருந்தன. ஒன்று தவறவிட்டதை மற்றொன்று பிடிக்கும் என்றெண்ணி இரண்டையும் நிறுவியவர் நாமே. கோப்பைத் திறந்ததும் கணினி உறைந்தது, பதற்றத்தில் பென் டிரைவைப் பிடுங்கினோம், கோப்பு சிதைந்தது. செஞ்சிப் பக்கத்து முதிய கூத்துக் கலைஞர்கள் பாடக் கேட்டு எழுதிய பாடல்கள் அதில் இருந்தன.

இத்தகைய மென்பொருள் கணினியின் அடித்தளத்தில் அமர்ந்து, திறக்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் வழிமறித்துச் சோதிக்கிறது. இரண்டு இருப்பின், ஒன்று சோதனைக்காகத் திறப்பதையே மற்றொன்று ஐயுற்றுச் சோதிக்கப் புகும். ஒன்று பிடித்து அடைத்து வைத்த வைரஸை மற்றொன்று புதிதாய்க் கண்டதுபோல் அலறுவதும் உண்டு. ஓர் உறையில் இரண்டு கத்தி என்பது இதுதான்.

பிணக்கின்றி இரண்டையும் வைத்துக்கொள்ள வழி ஒன்றே: ஒன்று எந்நேரமும் காவலிருக்கட்டும், மற்றது அழைத்தால் மட்டும் வந்து சோதித்துவிட்டுப் போகட்டும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் வேறொரு தடுப்பு மென்பொருளை நிறுவினால் டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கொள்கிறது. நாம் அனுமதித்தால் அவ்வப்போது மட்டும் சோதிக்கிறது. மைக்ரோசாஃப்டின் சேஃப்டி ஸ்கேனரும் அழைத்தால் மட்டுமே இயங்குவது. பதிவிறக்கிய 10 நாளில் காலாவதியாவதால் மீண்டும் இறக்கிக்கொள்ள வேண்டும்.

ஆயினும் காவலரைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நாம், பிரதிகளை எண்ணிப் பார்ப்பதில்லை. காவலரும் பிழை செய்வர். 2010 ஏப்ரலில் மெக்காஃபியின் புதுப்பிப்பு ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பையே வைரஸ் என்று கொண்டது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக்கின் பிழையான புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் முடங்கின.

தமிழ் படித்த நமக்கு இது புதிய பாடமன்று. உ.வே.சாமிநாதையர் பல ஊர்களில் தேடிய ஏடுகளை ஒப்பிட்டே சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். ஒரு வீட்டு ஏட்டைச் செல் அரித்தாலும் வேறோர் ஊரில் மற்றோர் ஏடு இருந்தது. நூல்கள் பிழைத்தது காவலின் கடுமையால் அன்று, படியெடுத்தவர்களின் உழைப்பால்.

மாணவரின் பாடல்களும் அவ்வாறே பிழைத்தன. திண்டிவனத்துத் தட்டச்சு நிலையத்துக் கணினியில் அழிக்கப்படாமல் ஒரு பிரதி கிடந்தது. அது நம் முன்யோசனையன்று, நற்பேறு. இப்போது நம் கணினியில் ஒரே காவல்தான் உண்டு. கோப்பின் பிரதிகளோ மூன்று, அவற்றுள் ஒன்று வேறு ஊரில். இதைப் படிக்கும் நண்பர்கள் தத்தம் படைப்புகளுக்கு எத்தனை பிரதிகள் உள்ளன என்று இன்றே எண்ணிப் பார்ப்பது நலம்.