நூறு கிலோ நோஞ்சான்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரப்பாக்கத்தில் ஒரு மனுஷன் நிம்மதியாகப் பேப்பர் படிக்க முடியுமா? ஜி.எஸ்.டி. ரோட்டு லாரி ஹாரன், செங்கல்பட்டு எலெக்ட்ரிக் ட்ரெயின், நடுவில் கீரைக்கார அம்மாவின் குரல்... இத்தனையையும் தாண்டி எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து ஒரு சத்தம். வாழைப்பழம் உரிக்கிற சத்தம்.

வாழைப்பழம் உரித்தால் சத்தம் கேட்குமா என்கிறீர்களா? ஒன்று என்றால் கேட்காது. ஏழு!

எட்டிப் பார்த்தேன். அடுத்த தெருவிலிருக்கும் என் அக்கா பையன். பத்தாம் வகுப்பு. எதிரே ஏழு பழத் தோல், ஒரு டம்ளர் பால், அதில் இரண்டு பச்சை முட்டை. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான். அடுத்த நிமிஷம் பாத்ரூமுக்கு ஓடினான். உள்ளே போனதெல்லாம் வந்த வழியே திரும்பியது.

"என்னடா மாப்ளே இது கூத்து?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான். பள்ளிக்கூடத்தில் கபடி டீம் எடுத்திருக்கிறார்கள். இவனும் போய் வரிசையில் நின்றிருக்கிறான். எடை 44 கிலோ. பி.டி. சார் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ ரெய்டு போனா தும்மினாலே அவுட்டு. பத்து கிலோ ஏத்திக்கிட்டு வா" என்றாராம். மொத்த வகுப்பும் சிரித்ததாம். அன்றிலிருந்து அவனுக்குப் பெயர் 'ஈர்க்குச்சி'.

"ஆயிரத்தி ஐநூறு ரூபாய் குடு மாமா. வெயிட் ஏத்தற பவுடர் டப்பா ஒண்ணு இருக்கு. அப்பாகிட்ட கேட்டா உதைப்பாரு."

பணம்கூடப் பெரிசில்லை சார். கேட்கும்போது பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அதே வயசில் என் மணிக்கட்டை நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

* * *

தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு ட்ரம்ப் கார்டு என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: சீட்டுக்கட்டு மாதிரிதான். ராஜா, ராணிக்குப் பதில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்லர்கள். ஒவ்வொரு கார்டிலும் ஆளின் உயரம், எடை, மார்பளவு, புஜம் எல்லாம் அச்சடித்திருக்கும். ஒருத்தன் "எடை" என்று கூவுவான். யார் கையில் அதிக எடையோ அவனுக்கு எல்லோர் கார்டும் போய்விடும்.

என் ராசி, எப்போதும் எனக்கு ஒல்லி ஆசாமிகளாகவே வருவார்கள். எதிராளி கையில் யோகோசூனா இருந்தால் தீர்ந்தது கதை. மதிய சாப்பாட்டு மணிக்குள் நான் ஓட்டாண்டி. 'எடை இருக்கிறவன்தான் ஜெயிப்பான்' என்ற தத்துவத்தை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அந்தக் கட்டில்தான் படித்தேன்.

இந்த யோகோசூனா 1993-ல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். சாம்பியன் ஆனவர். ஜப்பான் கொடி, கையில் உப்பு என்று அமர்க்களமாக வருவார். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே ஜப்பான் பயில்வான் அவர்தான். ஜப்பான்காரன் எல்லாம் இந்த சைஸில்தான் இருப்பான் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

பிறகு தெரிந்தது, மனுஷர் ஜப்பான்காரரே இல்லை. சமோவா வம்சத்து அமெரிக்கர்! அசல் ஜப்பானில் நடந்த கதையே வேறு. அதைத்தான் அன்று வாழைப்பழத் தோல்களுக்கு நடுவே உட்கார்ந்து மாப்பிள்ளைக்குச் சொன்னேன்.

* * *

ஆரம்பத்தில் அங்கேயும் குண்டர்கள் ராஜ்ஜியம்தான். நம் தாத்தாக்கள் தாராசிங்கோடு சேர்த்துச் சொல்வார்களே கிங்காங்... நடமாடும் நெல் குதிர் மாதிரி ஆள்... அவரே 1955-ல் டோக்கியோவுக்குப் போய் ரிகிடோசானிடம் ஆசிய பட்டத்துக்காக மோதித் தோற்றுவிட்டு வந்தவர்தான். பெரிய உடம்பு, பெரிய கூட்டம், பெரிய வசூல்.

1972-ல் அன்டோனியோ இனோக்கி 'நியூ ஜப்பான்' என்ற மல்யுத்தக் கம்பெனியை ஆரம்பித்தார். அதில் சேர்ந்த தட்சுமி ஃபுஜினாமி என்ற இளைஞர் 1978 ஜனவரியில் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜூனியர் ஹெவிவெயிட் பட்டத்தை ஜெயித்துக்கொண்டு ஊர் திரும்பினார். 'சின்ன உடம்புக்காரன் சண்டையையும் பார்க்கலாம் போலிருக்கே' என்று ஜப்பான் நிமிர்ந்து உட்கார்ந்தது.

1981 ஏப்ரல் 23. புலி முகமூடி போட்ட ஒருத்தர் மேடை ஏறினார். டைகர் மாஸ்க். (நமக்குப் புலி என்றால் வண்டலூர் பூங்கா. அது பாதி நாள் தூங்கும். இது வேற புலி!) காமிக்ஸில் வந்த கதாபாத்திரத்துக்கு உயிர் கொடுத்த அந்த ஆளின் பெயர் சடோரு சயாமா. எதிராளி இங்கிலாந்திலிருந்து வந்த டைனமைட் கிட். சயாமா கயிற்றில் ஏறினார், காற்றில் சுழன்றார், பூனை மாதிரி காலில் இறங்கினார். குண்டர்கள் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்து மூச்சு வாங்குவதையே பார்த்துப் பழகியிருந்த ஜனம் வாயைப் பிளந்தது.

1985 கடைசியில் அமெரிக்கக் கம்பெனியோடு உறவு முறிந்தது. பழைய ஜூனியர் பட்டம் போச்சு. 'போனால் போகட்டும், நாமே ஒன்று செய்துகொள்வோம்' என்று ஐ.டபிள்யூ.ஜி.பி. ஜூனியர் ஹெவிவெயிட் பட்டத்தை உண்டாக்கினார்கள். 1986 பிப்ரவரி 6-ல் 'கோப்ரா'வை ஜெயித்து முதல் பெல்ட்டைக் கட்டிக்கொண்டவர் ஷிரோ கோஷினாகா.

"வெயிட் எவ்வளவு மாமா இருக்கணும்?"

"நூறு கிலோவைத் தாண்டக் கூடாது."

பையன் என்னை முறைத்தான். "நூறு கிலோ... ஒல்லியா?"

நியாயமான கேள்வி. அந்தக் கணக்கில் பார்த்தால் காலை எட்டேகால் பீச் லோக்கலில் தொங்கிக்கொண்டு போகிற அத்தனை பேரும் ஜூனியர்தான். ஆனால் விஷயம் கிலோவில் இல்லை. 'உன் எடைக்கு இந்தக் கதவு திறக்காது' என்று எத்தனை பேரை வாசலோடு திருப்பி அனுப்பினார்களோ, அவர்களுக்கென்று ஒரு தனிக் கதவு வைத்தார்கள் பாருங்கள், அதில்தான் இருக்கிறது.

* * *

வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தர் கெய்ச்சி யமடா. ஹிரோஷிமாவில் பிறந்தவர். மல்யுத்தம் என்றால் உயிர். நியூ ஜப்பானில் போய் நின்றார். "உயரம் பத்தாது, போய்ட்டு வா" என்றார்கள். அழுதுகொண்டு வீட்டுக்குப் போனாரா? இல்லை. மெக்ஸிகோவுக்குப் போனார். அங்கே சின்ன உடம்புக்காரர்கள் முகமூடி போட்டுப் பறந்து பறந்து சண்டை போடுவார்கள். போன இடத்தில் சாப்பாட்டுக்கே திண்டாட்டம். அந்தக் கோலத்தில் அவரைக் கண்டு, மனசு இளகி மறுபடி ஜப்பானுக்குக் கூட்டி வந்தவர்கள் யார் தெரியுமா? முன்னே வேண்டாம் என்ற அதே நியூ ஜப்பான்காரர்கள்தான்! 1984-ல் மேடை ஏறினார்.

1989 ஏப்ரல் 24. டோக்கியோ டோம். ஒரு கார்ட்டூன் நாயகனின் வேஷத்தில், கொம்பு வைத்த முகமூடியோடு வந்தார். பெயர் லைகர். அடுத்த மாதமே ஜூனியர் பட்டம் அவர் இடுப்பில். பிற்பாடு 'ஜுஷின் தண்டர் லைகர்' என்று உலகமே அறிந்த பெயர் ஆனது. அந்தப் பட்டத்தை மொத்தம் 11 முறை ஜெயித்தார். 1993 ஜனவரியில் ஜெயித்ததை 628 நாள் வைத்திருந்தார். அதையும் எவனிடமும் தோற்கவில்லை, காலில் எலும்பு முறிந்ததால் திருப்பிக் கொடுத்தார். 1996-ல் மூளையில் கட்டி. ஆபரேஷன் செய்துகொண்டு மறுபடி வந்தார். ஓய்வு பெற்றது 2020 ஜனவரி 5-ல், 55 வயசில். 'உயரம் பத்தாது' என்று சொன்ன அதே கம்பெனியின் மேடையில், டோக்கியோ டோமில் கூட்டம் கைதட்ட!

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இந்தக் காலத்துப் பிள்ளை ஆச்சே, கேட்டுவிட்டான்.

"எல்லாம் செட்டப்தானே மாமா? யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வெச்சுக்குவாங்களாமே?"

பொய் சொல்வானேன்? "ஆமாடா. யார் ஜெயிப்பதுன்னு முன்னாடியே முடிவாயிடும். ஆனா ஒண்ணு. 1996 ஆகஸ்ட்ல எட்டு ஜூனியர் பெல்ட்டையும் ஒரே ஆளுக்குக் கொடுக்கறதா ஒரு போட்டி வெச்சாங்க. ஃபைனல்ல கிரேட் சாசுகேவுக்கு மண்டை ஓட்டுல விரிசல். அதோடயே சண்டையை முடிச்சு ஜெயிச்சார். பெல்ட் யாருக்குன்னு பேசி வைக்கலாம். மண்டை உடையறதைப் பேசி வைக்க முடியுமா?"

"இருந்தாலும்..." என்று இழுத்தான். "நிஜமான சண்டையில ஒல்லியா இருக்கறவன் ஜெயிச்சதா சொல்லு. நம்ம ஊர்ல."

மடக்கிவிட்டதாக நினைப்பு. நான் இதற்குத்தானே காத்திருந்தேன்!

* * *

ஒலிம்பிக் மல்யுத்தத்தில் இதுவரை இந்தியா வாங்கியிருப்பது எட்டுப் பதக்கம். அந்த எட்டில் அதிகபட்ச எடைப் பிரிவு எது தெரியுமா? 66 கிலோ! சுஷில்குமார், 2008, 2012. மற்ற ஆறும் அதற்கும் கீழே. பஜ்ரங் 65, யோகேஷ்வர் 60, சாக்‌ஷி மாலிக் 58, ரவி தஹியா 57, அமன் செஹ்ராவத் 57. நம்முடைய எந்த மலைமாமிசப் பயில்வானும் இன்னும் ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்ததில்லை. கொண்டுவந்ததெல்லாம் ஈர்க்குச்சிகள்தான்.

ஏழாவது ஆள்தான் எல்லோருக்கும் முன்னோடி. கே.டி. ஜாதவ். மகாராஷ்டிரக் கிராமத்துப் பையன். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக். போக்குவரத்துக்குப் பணம் இல்லை. அவர் படித்த கோலாப்பூர் ராஜாராம் கல்லூரி பிரின்சிபால் தன் வீட்டையே அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். ஜாதவ் 57 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கினார். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். அடுத்த தனிநபர் பதக்கத்துக்கு 1996-ல் லியாண்டர் பயஸ் வரும்வரை, 44 வருஷம் காத்திருந்தோம். ஜாதவை ஜெயித்துத் தங்கம் வாங்கியவர் யார்? ஷோஹாச்சி இஷி. ஜப்பான்காரர்!

"இன்னொண்ணு கேளு. நீ பத்து கிலோ ஏத்தணும்னு வாந்தி எடுக்கறே. 2024 பாரிஸ்ல அமன் செமி ஃபைனல் முடிஞ்சதும் வெண்கலச் சண்டைக்கு எடையைக் குறைக்க ராத்திரி பூரா தூங்காம ஓடி, வேர்த்து, பத்து மணி நேரத்துல 4.6 கிலோ இறக்கினான். 21 வயசுப் பையன். மறுநாள் பதக்கத்தோட நின்னான். அவனை செமியில ஜெயிச்ச ஹிகுச்சி 2021-ல ஒரு தகுதிப் போட்டியில வெறும் 50 கிராம் கூடிப்போய் வெளியே அனுப்பப்பட்டவர். பாரிஸ்ல தங்கம் வாங்கினார். நம்ம வினேஷ் போகத் அதே பாரிஸ்ல, வெளிநாட்டுக்காரங்க யாராலும் ஜெயிக்க முடியாம இருந்த ஜப்பானோட சுசாகியை ஜெயிச்சு ஃபைனல் வரைக்கும் போய், 100 கிராம் கூடினதால நின்னுபோனாங்க. 100 கிராம்டா! அரை டம்ளர் தண்ணி."

மாப்பிள்ளை எட்டாவது வாழைப்பழத்தைக் கையில் எடுத்தான். பார்த்தான். திரும்பத் தட்டிலேயே வைத்தான்.

"கபடிக்கும் அப்படித்தான்" என்றேன் விடாமல். "ப்ரோ கபடியில 85 கிலோவுக்கு மேல ஆடக்கூடாதுன்னுதான் ரூல். இவ்வளவு எடை இருந்தாத்தான் ஆடலாம்னு கீழ்க்கணக்கு கிடையாது. நாளைக்கு சார்கிட்டப் போய் ஒரே ஒரு ரெய்டு கேளு. பவுடர் டப்பாவைப் பத்தி அப்புறம் பேசலாம்."

* * *

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ஸ்டேஷனிலிருந்து நடந்து வருகிறேன். தெருமுனையில் நிற்கிறான். முழங்கை இரண்டும் சிராய்ப்பு. சட்டைப் பாக்கெட் கிழிந்து தொங்குகிறது. அக்காவிடம் இன்றைக்கு எனக்கும் சேர்த்துத்தான் பூசை என்று வயிற்றைக் கலக்கியது.

"கேட்டியாடா?"

"கேட்டேன் மாமா. சிரிச்சாரு. ஆனா ஒரு ரெய்டு விட்டாரு. ரெண்டு பேரைத் தொட்டேன். மூணாவது ஆள் காலைப் பிடிச்சு அமுக்கிட்டான்."

"அப்போ அவுட்டா?"

"அவுட்டுதான். ஆனா சார், 'காலை இழுத்துக்கிட்டு வரக் கத்துக்கோ. நாளைக்கு அஞ்சரைக்கு கிரவுண்டுக்கு வந்துடு'ன்னாரு." சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தான். மணிக்கட்டைப் பார்க்கவில்லை.

ஆயிரத்தி ஐநூறு ரூபாய் மிச்சம் என்ற சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து தர்மபத்தினியிடம் முழுக்கதையையும் சொன்னேன். லைகர், ஜாதவ், நூறு கிலோ வரம்பு எல்லாம் கேட்டுவிட்டு, என் தொப்பையை ஒரு பார்வை பார்த்தாள்.

"என்னங்க, இப்ப நீங்க எவ்வளவு?"

"எண்பத்தி ஆறு."

"அப்ப கபடிக்கும் ஒரு கிலோ ஜாஸ்தி" என்றவள், தட்டிலிருந்த மூன்றாவது தோசையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நூறுக்குள்ளேதானே இருக்கிறேன்? ஜப்பானாக இருந்தால் நான் இன்னும் ஜூனியர் சார்!